முதல் நுண்வாய்க்கால் சிப்: சாயத் தண்ணீரில் தொடங்கி உயிரணு வரை

தலைமுடி ஒன்றின் பருமன் ஏறத்தாழ 70 முதல் 100 மைக்ரோமீட்டர் இருக்கும். அந்த அகலத்துக்கு ஒரு வாய்க்கால் அமைத்து, அதில் தண்ணீரை ஓடவிட்டு, தண்ணீரோடு புரதத்தையோ டி.என்.ஏ.வையோ உயிருள்ள செல்லையோ நினைத்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நுண்பாய்மவியல். 1990இல் ஆண்ட்ரியாஸ் மான்ஸும் அவருடைய சகாக்களும், ஒரு வேதியியல் ஆய்வகத்தின் வேலைகளை ஒரு சிறு சில்லுக்குள் (சிப்) அடக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார்கள். 1998இல் ஜார்ஜ் வைட்சைட்ஸின் குழு, பி.டி.எம்.எஸ். என்ற சிலிக்கோன் ரப்பரில் இத்தகைய வாய்க்கால்களை விரைவாக வார்த்தெடுக்கும் முறையை வெளியிட்டது. சிலிக்கானையும் கண்ணாடியையும் செதுக்கும் வசதி இல்லாத உயிரியல் ஆய்வகங்களுக்கும் கதவு திறந்தது அதன் பிறகுதான்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் சிப்பின் வடிவத்திலேயே மூழ்கிவிடுகிறார்கள். எத்தனை கிளை, எத்தனை வால்வு, எவ்வளவு நெளிவு என்று வரைந்துகொண்டே இருப்பார்கள். சிப் கைக்கு வந்த முதல் நாளே ஒரு காற்றுக் குமிழ் நடுவில் போய் உட்காரும், அன்றைய வேலை அதோடு நின்றுவிடும். வடிவம் பாதி வேலைகூட இல்லை. குழாய், காற்று, சுவர் இந்த மூன்றோடும் பழகிவிட்டவருக்கு ஒற்றை வாய்க்காலே நல்ல தரவு தரும். அதனால் இங்கே ஒரே ஒரு சிப்பைத்தான் எடுத்துக்கொள்கிறேன். கவைக்கொம்பு போல இரண்டு வாய்க்கால் வந்து ஒன்றாகச் சேரும் வடிவம். அதில் முதலில் சாயத் தண்ணீர், அப்புறம் நுண்மணிகள், அப்புறம் மூலக்கூறு, கடைசியில் செல். இந்த வரிசையைத் தாண்ட வேண்டாம்.

சிப் தேவைதானா?

பிப்பெட்டும் 96 குழித் தட்டும் விடை தரக்கூடிய கேள்விக்கு சிப் வேண்டாம். மாதிரி மிகக் குறைவாக இருக்கிறது, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், செல்லின் ஒரு பக்கம் மட்டும் மருந்து பட வேண்டும், ஓட்டத்தின் இழுவை செல்லை என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்: இப்படி ஏதாவது ஒன்று இருந்தால் சிப்புக்கு இறங்கலாம். அந்தக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். வடிவம் பெருகத் தொடங்கும்போதெல்லாம் அதைப் பார்த்தால் போதும்.

தாளில் ஒரு கணக்கு

எதையும் வார்ப்பதற்கு முன் அரை மணி நேரம் தாளோடு உட்காருங்கள். நம் சிப்பில் வாய்க்கால் 100 மைக்ரோமீட்டர் அகலம், 50 மைக்ரோமீட்டர் உயரம், சேர்ந்த பிறகு 2 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மைக்ரோலிட்டர் என்பது ஒரு கன மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் வாய்க்காலின் முழுக் கொள்ளளவே 0.1 மைக்ரோலிட்டர்தான். நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் வீதம் ஓடவிட்டால் சராசரி வேகம் விநாடிக்கு 3.3 மில்லிமீட்டர். உள்ளே வந்த தண்ணீர் 6 விநாடியில் வெளியே போய்விடும்.

ஓடும் வேகத்தின் உந்துதல் திரவத்தின் பாகுத்தன்மையைவிட எவ்வளவு பெரியது என்று சொல்வது ரெனால்ட்ஸ் எண். இந்த ஓட்டத்துக்கு அது சுமார் 0.2. குழாயில் ஓட்டம் குழம்பத் தொடங்குவதற்கு அது 2,000 அளவைத் தாண்ட வேண்டும். நாம் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. எனவே இங்கே சுழலும் இல்லை, கலங்கலும் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் வரும் இரண்டு நீரும் தனித்தனி நாடாக்களைப் போல ஒட்டியபடியே ஓடும். வரிச்சீர் ஓட்டம் என்று பாடப்புத்தகத்தில் படித்தது கண்ணெதிரே நடக்கும். முதன்முறை பார்க்கும்போது மனம் துள்ளும், எனக்கு இன்னும் அந்த மகிழ்ச்சி குறையவில்லை.

அப்படியானால் இரண்டு நீரும் எப்படிக் கலக்கின்றன? விரவலால், அதாவது மூலக்கூறுகள் தாமாகவே மெல்லப் பரவுவதால் மட்டும்தான். 50 மைக்ரோமீட்டர் தூரத்தை விரவிக் கடக்க ஃபுளோரசீன் போன்ற சிறு மூலக்கூறுக்குச் சுமார் 3 விநாடி ஆகும். ஆல்புமின் போன்ற புரதத்துக்கு 20 விநாடி. 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள செல்லுக்கோ ஏறத்தாழ 8 மணி நேரம். நம் வாய்க்காலில் இருப்பதே 6 விநாடி. ஆகவே சாயம் எதிர்ப்பக்கம் வரை போய்விடும், புரதம் எல்லைக்கோட்டைக் கொஞ்சம் மங்கவைக்கும், செல் தன் பாதையிலேயே வரும். செல்லை ஒரு பக்கமும் உப்பை இன்னொரு பக்கமும் பிரிக்க இந்த வேறுபாடு ஒன்றே போதும், வடிகட்டி வேண்டியதில்லை. தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாய்க்காலை அகலமாக்கிவிட்டுக் கலக்கவில்லையே என்று தவிப்பவர்கள் மறந்துபோவது இதைத்தான்.

இன்னொரு எண் அழுத்தம். மேற்சொன்ன ஓட்டத்துக்குத் தேவை 470 பாஸ்கல் அளவுதான், அதாவது 5 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம். கொள்கலனைச் சற்று உயர்த்தி வைத்தாலே ஓடும், பம்ப் இல்லாமலே தொடங்கலாம். ஆனால் வாய்க்காலின் உயரத்தைப் பாதியாக்கினால் தேவையான அழுத்தம் 6 மடங்குக்கு மேல் ஏறிவிடும். அகலத்தைவிட உயரம்தான் ஓட்டத்தை ஆட்டிவைக்கிறது. உயரம் மிகக் குறைந்து அகலம் அதைப்போல் 10, 20 மடங்கு ஆனால் ரப்பர் கூரை தொய்ந்து தரையோடு ஒட்டிக்கொள்ளும். செல் போகும் வாய்க்கால் என்றால் அகலம், உயரம் இரண்டையும் செல்லின் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது வையுங்கள்.

சிப் செய்தல்

முதல் சிப்பை இருபக்க ஒட்டுநாடாவில் செய்யலாம். நாடாவின் தடிமன்தான் வாய்க்காலின் உயரம். கவை வடிவத்தைக் கூரிய கத்தியால் அல்லது வெட்டுப் பிளாட்டரால் வெட்டியெடுத்து, துளையிட்ட அக்ரிலிக் தகட்டுக்கும் கண்ணாடி வில்லைக்கும் நடுவே ஒட்டினால் முடிந்தது. அகலம் அரை மில்லிமீட்டருக்குக் கீழே கொண்டுவருவது கையால் கஷ்டம். ஆனாலும் ஓட்டத்தைப் பழக இது தாராளம். கெட்டால் பத்து நிமிடத்தில் இன்னொன்று செய்யலாம் என்பதே கற்றுக்கொள்பவருக்குப் பெரிய சுதந்திரம்.

அடுத்தது பி.டி.எம்.எஸ். இதற்கு அச்சு வேண்டும். சிலிக்கான் தகட்டின்மேல் எஸ்.யூ-8 என்ற ஒளியுணர் பிசினைச் சுழற்றிப் பரப்பி, வடிவம் பதித்த மறைப்புத்தாள் வழியாகப் புறஊதா ஒளி காட்டி, சூடாக்கி, ஒளி படாத இடங்களைக் கரைத்தெடுப்பார்கள். வாய்க்கால் எங்கே வேண்டுமோ அங்கே மேடு நிற்கும். தூசியற்ற அறையும் அனுபவமும் தேவைப்படும் வேலை இது. தொடக்கத்தில் அச்சை மட்டும் அனுபவமுள்ளவர்களிடம் செய்து வாங்குங்கள். ஒரே அச்சில் பத்துக்கணக்கில் சிப் வார்க்கலாம். புதிய அச்சுக்கு ஒருமுறை ஃபுளோரினேற்றிய சிலேன் ஆவி காட்டினால் ரப்பர் ஒட்டாமல் உரிந்து வரும். அந்தச் சிலேன் மூச்சுக்குக் கெடுதி என்பதால் புகைபோக்கிப் பெட்டிக்குள் மட்டுமே திறக்க வேண்டும்.

வார்க்கும் முறை சுலபம். சில்கார்ட் 184 போன்ற ரப்பரின் மூலப்பொருளையும் இறுக்கியையும் எடைக்கு 10:1 என்று அளந்து, நான்கைந்து நிமிடம் கையோயாமல் கலக்குங்கள். நுரைத்துப் பால்போல ஆகும். வெற்றிடக் கலத்தில் அரை மணி நேரம் வைத்தால் குமிழெல்லாம் போய்த் தெளியும். அச்சின்மேல் 4, 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, 65 முதல் 80 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரமாவது வையுங்கள். தடிமன் குறைந்தால் பிற்பாடு குழாயைப் பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்காது.

சிலசமயம் ரப்பர் எத்தனை மணி நேரம் ஆனாலும் பிசுபிசுவென்றே இருக்கும். இறுக்குவது பிளாட்டின வினையூக்கி, கந்தகமும் அமீன்களும் அதைச் செயலிழக்கச் செய்துவிடும். லேடெக்ஸ் கையுறையில் கந்தகம் உண்டு, ஆகவே நைட்ரைல் கையுறை போடுங்கள். முப்பரிமாண அச்சில் எடுத்த புதுப் பிசின் அச்சுகளும் இதே தொல்லையைத் தரும். அவற்றை நன்றாகக் கழுவி, புறஊதா ஒளி காட்டி, சூடேற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

துளையும் ஒட்டும்

வெட்டும்போது கத்தியைத் தகட்டின்மேல் அழுத்தாதீர்கள், சிலிக்கான் கண்ணாடிபோல் உடையும். உரித்த ரப்பரில் வாய்க்கால் பக்கம் மேலே பார்க்கும்படி வைத்து, திசு எடுக்கும் பன்ச்சால் துளையிடுங்கள். துளை குழாயின் வெளிவிட்டத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கட்டும். ரப்பரின் பிடியே அடைப்பாக வேலை செய்யும். மழுங்கிய பன்ச் துளையின் ஓரத்தைப் பிய்த்துவிடும், சிப் கசிவதற்கு அதுவே பெரிய காரணம். துளைக்குள் சிக்கிய ரப்பர்த் துணுக்கை எடுத்துவிட்டீர்களா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மேற்பரப்புத் தூசியை ஒட்டுநாடாவை ஒட்டி உரித்தே எடுத்துவிடலாம்.

ரப்பரையும் கண்ணாடியையும் ஐசோபுரொப்பனாலில் கழுவி, முழுக்க உலர்த்தி, ஆக்சிஜன் அல்லது காற்றுப் பிளாஸ்மாவில் (மின்புலத்தால் அயனியாக்கிய வாயுவில்) அரை முதல் ஒரு நிமிடம் வையுங்கள். எடுத்த உடனே ஒன்றன்மேல் ஒன்று வைத்து மெல்ல அழுத்தினால் ஒட்டு கண்ணாடி முழுக்கப் பரவுவது கண்ணுக்கே தெரியும். பிறகு 80 டிகிரியில் அரை மணி நேரம். அதிக நேரம் பிளாஸ்மா காட்டினால் ஒட்டு இன்னும் உறுதியாகும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. ஓரத்தை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். ரப்பர் கிழிய வேண்டும், ஒட்டு விடக்கூடாது.

பிளாஸ்மா பட்ட சுவர் கொஞ்ச நேரத்துக்குத்தான் நீரை விரும்பும், சில மணி நேரத்தில் மறுபடி நீரை வெறுக்கத் தொடங்கிவிடும். ஆகவே ஒட்டிய சூட்டோடு சூடாகத் தண்ணீரை நிரப்பிவிடுங்கள். தண்ணீர் தானாகவே ஓடி உள்ளே போகும். நிரம்பிய சிப்பை மூடிவைத்தால் அந்தக் குணம் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும்.

குழாய்கள்

அரை மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயை 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு எடுத்தால் அதன் கொள்ளளவு 59 மைக்ரோலிட்டர். சிப்புக்குள் இருப்பது 0.1. சிப்பைப்போல் கிட்டத்தட்ட 600 மடங்கு நீர் குழாயில் நிற்கிறது! நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் ஓட்டத்தில், சிரிஞ்சில் வைத்த புரதம் சிப்பை எட்டவே ஒரு மணி நேரமாகும். பழகிய காலத்தில் நான் இந்தக் கணக்கைப் போடாமல் சாயம் ஏன் வரவில்லை என்று அரை நாள் சிப்பையே திரும்பத் திரும்பச் சோதித்திருக்கிறேன். குழாயைக் குட்டையாக, மெல்லியதாக வையுங்கள். முடிந்தால் மாதிரியைப் பிப்பெட் முனையிலேயே எடுத்து, முனையோடு நுழைவுத் துளையில் செருகிவிடுங்கள்.

சிரிஞ்ச் பம்ப் என்றால் சிறிய சிரிஞ்ச். பம்ப்பின் மோட்டார் சிறு சிறு படிகளாகத்தான் நகர்கிறது. அகலமான சிரிஞ்சில் ஒவ்வொரு படியும் பெரிய உதறலாக வரும். இந்த ஓட்டங்களுக்கு 1 மில்லிலிட்டருக்கு மேல் போகாதீர்கள். ரப்பர்த் தலையும் குழாயும் அழுத்தத்தில் சற்று உப்புவதால், ஓட்டத்தை மாற்றியதும் சிப் உடனே கேட்காது, சில நிமிடம் காத்திருக்க வேண்டும். நிறுத்திய பிறகும் ஓட்டம் தொடர்வதும் இதனால்தான். உடனடியாக நிறுத்த வேண்டிய சோதனை என்றால் அழுத்தத்தால் இயக்கும் கருவி மேல்.

வெளிக்குழாயின் முனை சிப்பின் மட்டத்தைவிட ஒரு சென்டிமீட்டர் கீழே தொங்கினாலே 100 பாஸ்கல் இழுப்பு வந்துவிடும். 470 பாஸ்கலில் ஓடும் சிப்புக்கு அது சின்ன விஷயம் இல்லை. நுழைவும் வெளியேற்றமும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று அளந்து எழுதுங்கள்.

காற்றுக் குமிழ்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். என் அனுபவத்தில் வீணாகும் சோதனைகளில் பெரும்பங்கு குமிழால்தான் வீணாகிறது. வாய்க்காலுக்குள் மாட்டிய குமிழை நகர்த்தத் தேவைப்படும் அழுத்தம் பலசமயம் ஓட்டத்துக்குத் தேவையானதைவிட அதிகம். அது நகரும்போதோ, சுவரில் ஒட்டியிருந்த செல்களைச் சுரண்டிக்கொண்டு போய்விடும்.

குமிழ் வரும் முக்கிய வழி வெப்பநிலை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசலில்) கரைந்திருக்கும் காற்று, 37 டிகிரிக்கு வந்ததும் வெளியேறுகிறது. ஆகவே எந்தத் திரவமானாலும் சோதனை நடக்கும் வெப்பநிலைக்கு முன்பே கொண்டுவந்து, வெற்றிடத்தில் கால் மணி நேரம் வைத்துக் காற்றை நீக்கிவிடுங்கள். இரண்டாவது வழி இணைப்பு. குழாயைச் செருகும்போது முனையிலுள்ள காற்று உள்ளே போகும். இதற்குத் துளியோடு துளி சேர்க்கும் பழக்கம் வேண்டும்: நுழைவுத் துளையின்மேல் ஒரு துளி நிற்கட்டும், குழாயின் முனையிலும் ஒரு துளி தொங்கட்டும், இரண்டும் தொட்டு ஒன்றான பிறகே உள்ளே அழுத்துங்கள். குழாயைப் பிடுங்கும்போதும் அப்படியே, மேலே துளி நிற்காமல் பிடுங்கினால் காற்றை உறிஞ்சிவிடும்.

மூலை முடுக்குகள் உள்ள சிப்பை முதலில் எத்தனாலால் நிரப்புங்கள். அதன் பரப்பு இழுவிசை குறைவு, எல்லாச் சந்துக்கும் புகுந்துவிடும். அப்புறம் தண்ணீர், அதற்கப்புறம் பஃபர். எத்தனாலின் பின்னாலேயே புரதக் கரைசலை விடாதீர்கள், புரதம் திரிந்து வாய்க்காலை அடைத்துக்கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். வெளியேற்றத்தை அடைத்து, நுழைவில் மிதமான அழுத்தம் கொடுத்துக் காத்திருங்கள். பி.டி.எம்.எஸ். காற்றை ஊடுருவ விடும் பொருள். குமிழ் சில நிமிடங்களில் சுருங்கிச் சுவர் வழியே மறைந்துவிடும். கண்ணாடி, பிளாஸ்டிக் சிப்புகளில் இந்த வழி கைகொடுக்காது. சிரிஞ்சைப் பின்னால் இழுத்துக் குமிழை எடுக்கப் பார்ப்பது வேண்டாம், ஒன்றுக்குப் பத்தாக வரும்.

சாயம், அப்புறம் மணிகள்

இரண்டு நுழைவிலும் இரண்டு நிறச் சாயம் விட்டு ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். எல்லைக்கோடு நட்டநடுவில் ஓட வேண்டும். ஒரு பக்கத்தை மூன்று மடங்காக்கினால் கோடு எதிர்ப்பக்கம் ஒதுங்கும். கோடு தாளம் போட்டதுபோல் ஆடினால் பம்ப்பின் உதறல். ஒரு பக்கமே சாய்ந்துகொண்டு போனால் எங்கோ கசிவு அல்லது அடைப்பு. ஒரு மணி நேரம் வெளிவரும் நீரை மூடிய குப்பியில் பிடித்து நிறுத்துப் பாருங்கள்: இரண்டு பக்கமும் சேர்ந்து நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் என்றால் 60 மில்லிகிராம் இருக்க வேண்டும். பம்ப்பின் திரையில் தெரியும் எண்ணை நம்புவதைவிடத் தராசை நம்பலாம்.

பிறகு 5 அல்லது 10 மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீன் மணிகள். சோப்பு போன்ற டுவீன் 20 கொஞ்சம் சேர்த்தால் ஒன்றோடொன்று ஒட்டாது. ஓட்டத்தைப் பத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழேயோ குறையுங்கள், இல்லாவிட்டால் விநாடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் மணி ஒவ்வொன்றும் கோடாகத்தான் தெரியும். நடுவில் போவது வேகமாகவும் சுவரோரம் போவது மெதுவாகவும் நகர்வதைப் பாருங்கள். மணிகள் எந்த மூலையில் தேங்குகின்றனவோ அங்கேதான் நாளை செல்களும் தேங்கும். வடிவத்தைத் திருத்துவதானால் இப்போதே திருத்துங்கள்.

மூலக்கூறுகளும் சுவரும்

நம் வாய்க்காலின் உட்சுவர்ப் பரப்பு 6 சதுர மில்லிமீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் சுவர் 1 முதல் 2 நானோகிராம் வரை புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் செறிவுள்ள கரைசல் என்றால் வாய்க்கால் நிறைய இருக்கும் புரதமே 0.1 நானோகிராம். சுவரின் பசி அதைப்போல் 60 மடங்குக்கு மேல்! செறிவு குறைந்த மாதிரியை நேரடியாக விட்டால் மறுமுனையில் ஒன்றுமே வராது. கருவி கெட்டுவிட்டது, மாதிரியைக் கண்டுபிடிக்கும் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) கெட்டுவிட்டது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் சுவரின் பசியை முதலில் மலிவான புரதத்தால் தீர்த்துவிட வேண்டும். 1 சதவீத மாட்டு சீரம் ஆல்புமின் கரைசலை அரை மணி முதல் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்துக் கழுவுவது எளிய வழி. நீரை வெறுக்கும் பி.டி.எம்.எஸ். சுவருக்கு ப்ளூரோனிக் எஃப்-127 என்ற பாலிமர் நன்றாகப் பிடிக்கும். குழாய்க்கும் சிரிஞ்சுக்கும்கூடச் சுவர் உண்டு, அவற்றையும் சேர்த்தே பூசுங்கள்.

நீரில் எளிதில் கரையாத சிறு மருந்து மூலக்கூறுகள் வேறொரு சங்கடம் தரும். அவை சுவரின்மேல் ஒட்டுவதோடு நிற்காமல் ரப்பருக்குள்ளேயே ஊறிப்போய்விடும். எஸ்ட்ரடயோல் போன்ற ஹார்மோன்களும் அப்படித்தான். நீங்கள் விட்ட அளவு ஒன்று, செல்லுக்குக் கிடைத்தது வேறொன்று என்றாகும். மருந்தின் அளவே சோதனையின் உயிர்நாடி என்றால் கண்ணாடிக்கோ சுழல் ஒலிஃபின் பிளாஸ்டிக்குக்கோ மாறிவிடுங்கள். இதில் சமரசம் செய்துகொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இனி செல்கள்

முதல் வேலை வடிகட்டுவது. 40 மைக்ரோமீட்டர் சல்லடையில் வடித்து, நுண்ணோக்கியில் கட்டி இல்லை என்று பார்த்து, எண்ணி, மில்லிலிட்டருக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை என்று தொடங்குங்கள். இறந்த செல்களிலிருந்து சிந்திய டி.என்.ஏ. பசைபோல் இருந்து மற்றவற்றைச் சேர்த்துக் கட்டிவிடும். அப்போது கொஞ்சம் டி.என்.ஏஸ் நொதி சேர்த்தால் விட்டுப்போகும்.

அடுத்தது, செல் கீழே படியும். 10 மைக்ரோமீட்டர் செல் விநாடிக்குச் சில மைக்ரோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. கால் நிமிடத்தில் வாய்க்காலின் தரையைத் தொடும். ஒரு மணி நேரத்தில் சிரிஞ்சில் உள்ள எல்லாமே ஒரு பக்கமாகப் படிந்துவிடும். முதல் பத்து நிமிடம் செல்கள் கூட்டமாக வந்து, பிறகு வெறும் ஊடகம் (செல்லை வளர்க்கும் திரவம்) மட்டும் வந்தால் காரணம் இதுதான். அயோடிக்சனால் சேர்த்து ஊடகத்தின் அடர்த்தியைச் செல்லின் அடர்த்திக்குப் பக்கத்தில் கொண்டுவரலாம். குறுகிய சோதனைக்கு, பிப்பெட் முனையிலிருந்து நேரடியாக விடுவதே போதும்.

சிப்புக்குள் ஒட்டி வளரும் செல் என்றால் முதலில் சிப்பை 70 சதவீத எத்தனாலால் கிருமி நீக்கி, தண்ணீராலும் பஃபராலும் நன்கு கழுவி, ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதத்தைத் தரையில் பூசுங்கள். இங்கே ஆல்புமின் பூச்சு வேண்டாம், அது ஒட்டவிடாது. செல்களை உள்ளே விட்டதும் ஓட்டத்தை நிறுத்தி, அவை தரையைப் பற்றிப் பரவும்வரை சில மணி நேரம் பொறுங்கள். பிறகு மெல்ல மெல்ல ஓட்டத்தைக் கூட்டலாம்.

எவ்வளவு கூட்டலாம்? நம் வாய்க்காலில் நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் ஓடும்போது தரையில் உள்ள செல்லை இழுக்கும் தகைவு 0.4 பாஸ்கல். தமனியின் உட்சுவர்ச் செல்கள் 1 பாஸ்கலுக்கு மேலேயே தாங்கிப் பழகியவை, அவற்றுக்கு இது தென்றல். நரம்புச் செல்லுக்கோ ஸ்டெம் செல்லுக்கோ இது பலமான காற்று. அவற்றுக்கு ஓட்டத்தைப் பத்தில் ஒன்றாக்குங்கள், அல்லது செல் உட்காரும் அறையை உயரமாக்குங்கள். உயரத்தை இரட்டித்தால் தகைவு நான்கில் ஒன்றாகும்.

பைகார்பனேட் ஊடகம் 5 சதவீதக் கரியமில வாயு இல்லாத மேசையில் சீக்கிரமே காரமாகிவிடும். மேசையில் வேலை என்றால் ஹெப்பீஸ் பஃபர் கலந்த ஊடகம் எடுங்கள். பி.டி.எம்.எஸ். நீராவியையும் கசியவிடும். 0.1 மைக்ரோலிட்டரில் கொஞ்சம் ஆவியானாலும் உப்புச் செறிவு ஏறிச் செல் சுருங்கும். சிப்பைச் சுற்றி ஈரத் துணியோ தண்ணீர்க் கிண்ணமோ வைத்து மூடுவது சின்ன வேலை, மறக்கக் கூடாத வேலை. அதே செல்களைப் பக்கத்தில் ஒரு சாதாரணத் தட்டிலும் வளர்த்துக்கொண்டே வாருங்கள். உயிருள்ளவற்றைப் பச்சையாகக் காட்டும் கால்சீனையும் இறந்தவற்றைச் சிவப்பாகக் காட்டும் புரொப்பிடியம் அயோடைடையும் இரண்டிலும் விட்டுப் பார்த்தால், கோளாறு செல்லிலா சிப்பிலா என்பது தெரிந்துவிடும்.

செல்களை எண்ணெயில் மிதக்கும் சிறு நீர்த்துளிகளுக்குள் தனித்தனியாக அடைக்கும் முறைக்குப் போக விரும்பினால் ஒரு எச்சரிக்கை மட்டும். எண்ணெய்க்குள் நீர்த்துளி செய்ய, சுவர் நீரை வெறுக்க வேண்டும். பிளாஸ்மா பட்ட சிப்பை அப்படியே எடுத்தால் துளி சுவரோடு இழுபடும். அப்புறம், ஒவ்வொரு துளியிலும் ஒரு செல் என்பது தானாக அமையாது. சராசரியாகப் பத்துத் துளிக்கு ஒரு செல் என்று நீர்த்தால் 90 சதவீதத் துளிகள் காலி, 9 சதவீதத்தில் ஒரு செல், அரை சதவீதத்துக்கும் குறைவானவற்றில் இரண்டோ அதற்கு மேலோ. காலித் துளிகளைப் பார்த்து மனம் தளர்ந்து செல்களைக் கூட்டிவிடாதீர்கள். இரட்டைச் செல்கள் பெருகினால் தனிச்செல் தரவு கலங்கிப்போகும். 50 மைக்ரோமீட்டர் துளிக்கு இந்தச் செறிவு மில்லிலிட்டருக்குச் சுமார் 15 லட்சம் செல்.

முதல் இரவு

முதன்முறை இரவு முழுக்க ஓடவிடும் முன், ஊடகம் போதுமா என்று கணக்கிடுங்கள். நிமிடத்துக்கு 0.5 மைக்ரோலிட்டர் வீதம் பத்து மணி நேரத்துக்கு 300 மைக்ரோலிட்டர். சிரிஞ்சில் அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கட்டும். நுழைவுக்கு முன் ஒரு குமிழ்ப் பொறி வையுங்கள். வெளிக்குழாயின் முனையை மூடிய குப்பிக்குள் விட்டு, குப்பியின் வெறும் எடையை நோட்டில் எழுதுங்கள். காலையில் வந்ததும் நுண்ணோக்கிக்கு ஓடாதீர்கள், முதலில் அந்தக் குப்பியை நிறுங்கள். 300 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் ஏறியிருந்தால் இரவெல்லாம் ஓடியிருக்கிறது, செல்களைப் போய்ப் பார்க்கலாம். 80 மில்லிகிராம்தான் ஏறியிருக்கிறது என்றால் நள்ளிரவுக்குள்ளேயே எங்கோ நின்றுவிட்டது. அப்போது செல்கள் எப்படி இருந்தாலும் அந்தப் படங்களைத் தரவில் சேர்க்காமல், நுழைவு இணைப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.